4294967295: ஐந்து பகா எண்களோடு நின்றுபோன ஒரு வரிசை

கேள்வி இதுதான்: "புரோகிராம் எழுதும்போது 4294967295 என்ற எண் அடிக்கடி கண்ணில் படுகிறது. 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் என்பது தெரியும். அதைத் தாண்டி கணிதத்தில் இதற்கு ஏதாவது விசேஷம் உண்டா? இல்லை, கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த வரம்பு மட்டும்தானா?"

விசேஷம் உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. 32 பிட் என்ற பேச்சே இல்லாத காலத்திலேயே இந்த எண்ணின் காரணிகளை வைத்து ஃபெர்மா, ஆய்லர், காஸ் என்ற கணித மேதைகள் மூவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு கணித வரிசை ஐந்து படிகள் ஒழுங்காக ஏறி வந்து ஆறாவது படியில் சறுக்கியதே, அதற்கு முந்தைய கடைசிப் படி இந்த எண். இதைப் பற்றி "இதுவே கடைசி", "இதுவே பெரியது" என்று படிக்கும் தகவல்களில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காரணத்தின் பெயர் 641. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் நம் முறைப்படி வாசித்துவிடலாம்: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதாவது 2³² − 1. பைனரியில் எழுதினால் முப்பத்திரண்டு 1-கள், வேறொன்றும் இல்லை. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று ராஜாவிடம் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். பலகையின் முதல் பாதியில், அதாவது 32 கட்டங்களில், சேரும் அரிசி சரியாக 4294967295. ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 107 டன். ராஜா சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். கஜானா காலியாவதெல்லாம் இரண்டாம் பாதியில்தான்.

கணினியில் இது தலைகாட்டும் இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பின் உச்ச அளவு 4294967295 பைட். பெரிய படக் கோப்பை ஏற்றப் போனால், டிரைவில் இடம் இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். 255.255.255.255 என்ற ஐபி முகவரியை ஒரே எண்ணாக எழுதினால் இதுவே வரும். மில்லிசெகண்டாக எண்ணினால் 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47.295 செகண்ட். விண்டோஸ் 95-ம் 98-ம் தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்துபோகும் என்று ஒரு பிழை இருந்ததே, அதன் மூலம் இது.

செகண்டாக எண்ணினால் இன்னொரு வேடிக்கை. இணையத்தில் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி முறை 1900 ஜனவரி 1-லிருந்து செகண்டுகளை எண்ணுகிறது. அது இந்த எண்ணைத் தொடுவது 2036 பிப்ரவரி 7, கிரீன்விச் நேரம் 6:28:15. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முறை 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணுகிறது. அதைக் கழித்தல் குறிக்கு இடமில்லாத 32 பிட்டில் வைத்தால் முடியும் நாள் 2106 பிப்ரவரி 7, அதே 6:28:15. 1900-லிருந்து 1970 வரை உள்ள 70 வருஷத்தில் 17 லீப் நாள்கள். 2036 பிப்ரவரியிலிருந்து 2106 பிப்ரவரி வரை உள்ள 70 வருஷத்திலும் 17-தான், ஏனென்றால் 2100 லீப் வருஷம் இல்லை. அதனால்தான் தேதி மாறவில்லை.

சரி, கணிதத்துக்கு வருவோம். எல்லாமே எட்டாம் வகுப்பில் படித்த ஒரு முற்றொருமையிலிருந்து கிளம்புகிறது: ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், அந்த எண்ணுக்கு ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும் பெருக்கியது கிடைக்கும். 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆகவே

2³² − 1 = (2¹⁶ − 1) × (2¹⁶ + 1)

முதல் அடைப்புக்குள் இருப்பதும் அதே ஜாதிதான், அதையும் உடைக்கலாம்: (2⁸ − 1)(2⁸ + 1). அப்புறம் 2⁸ − 1, அப்புறம் 2⁴ − 1, அப்புறம் 2² − 1. கடைசியில் 2 − 1 என்று 1 வந்து நிற்கும். இடையில் ஒதுக்கி வைத்த "கூட்டல் 1" எல்லாவற்றையும் சேர்த்தால்

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஐந்துமே பகா எண்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. இந்த எண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒரே வரியில் அடங்கிவிட்டது.

இப்படி 2-இன் அடுக்கோடு 1 கூட்டி வரும் எண்களில், அந்த அடுக்கே 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டு போனால் அவற்றை ஃபெர்மா எண்கள் என்பார்கள். 3, 5, 17, 257, 65537 என்பவை முதல் ஐந்து. ஐந்தும் பகா எண்களாக இருப்பதைப் பார்த்து, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்கள்தான் என்று 1640-ல் ஃபெர்மா சக கணிதர்களுக்குக் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஃபெர்மா எண் 2³² + 1 = 4294967297. நம் எண்ணுக்கு இரண்டு வீடு தள்ளி.

அது பகா எண்ணா என்று ஏறத்தாழ 90 வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 1729-ல் கணிதர் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் ஆய்லரிடம் இதைப் பற்றிக் கேட்டார். 1732-ல் ஆய்லர் விடை கண்டுவிட்டார்: 4294967297 = 641 × 6700417. ஃபெர்மாவின் ஊகம் அவர் சரிபார்த்த கடைசி இடத்துக்கு அடுத்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

இதில் ஆய்லரின் சாமர்த்தியம் எங்கே என்றால், கண்ட எண்ணையெல்லாம் வகுத்துப் பார்க்காமல் இருந்ததில். இந்த எண்ணுக்கு ஒரு பகா காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும் என்று அவர் காட்டினார். அப்படிப்பட்ட எண்களை வரிசையாக எழுதுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! பிற்பாடு 1878-ல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இந்த நிபந்தனையை 64-லிருந்து 128-ஆக இறுக்கினார். அந்தக் கணக்குப்படி போனால் 257, 641 இரண்டே பேர்தான் வரிசையில். 257 தானே ஒரு ஃபெர்மா எண், அது இன்னொரு ஃபெர்மா எண்ணை வகுக்காது. ஆக, நேராக 641-இன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்.

641 வகுக்கிறது என்பதை நீங்களே ஒரு துண்டுத்தாளில் சரிபார்க்கலாம், கால்குலேட்டர் வேண்டாம். 2¹⁶ = 65536. அதை 641-ஆல் வகுத்தால் ஈவு 102, மீதி 154. 2³² வேண்டுமென்றால் மீதியை வர்க்கப்படுத்தினால் போதும்: 154 × 154 = 23716. இதை 641-ஆல் வகுத்தால் ஈவு 36, மீதி 640. அதோடு 1 கூட்டினால் 641, அதாவது மீதி பூஜ்யம். முடிந்தது. இதைவிட அழகான வழியும் உண்டு. 641 = 5 × 128 + 1; அதுவே 625 + 16-உம் கூட, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவப்படி, 641-ஆல் வகுக்கும் மீதிகளின் உலகத்தில் 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாம் வடிவப்படி 5⁴ என்பது −2⁴. அதை உள்ளே போட்டால் −2³² என்பது 1, அதாவது 2³² + 1 பூஜ்யம். நாலு வரியில் ஃபெர்மாவின் ஊகம் காலி. இதைப் பார்த்தபின் அவர் ஏன் இதைக் கவனிக்கவில்லை என்று தோன்றும். விடை தெரிந்தபின் எல்லாம் அப்படித்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1804-ல் பிறந்த அமெரிக்கச் சிறுவன் ஜீரா கோல்பர்ன், மனக்கணக்கில் பெரிய புலி. அப்பா அவனை லண்டனுக்குக் கூட்டிப்போய்க் காட்சி நடத்தினார். அங்கே 4294967297-இன் காரணிகளைக் கேட்டபோது 641 என்று மனக்கணக்காகவே சொன்னான் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது அவனுக்கு வயது எட்டோ ஒன்பதோ.

இனி 4294967295-இன் மிகப் பிரபலமான குணத்துக்கு வருகிறேன். கவராயமும் அளவு குறிக்காத நேர்க்கோலும் மட்டும் கொண்டு வரையக்கூடிய ஒழுங்குப் பல்கோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றில், இன்று தெரிந்தவரை மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது.

முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம், இவற்றின் பக்கங்களை இரட்டித்துக்கொண்டே போனவை, இவ்வளவும் பண்டைய கிரேக்கர்களுக்குத் தெரியும். அப்புறம் இரண்டாயிரம் வருஷம் புதிதாக ஒன்றும் இல்லை. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, காஸ் 17 பக்கப் பல்கோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். 1801-ல் வெளியிட்ட நூலில் பொது விதியைச் சொன்னார்: பக்க எண்ணிக்கையில் உள்ள 2-களை எல்லாம் நீக்கியபின் மிஞ்சுவது, ஒன்றுக்கொன்று வேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் வரைய முடியும். வேறு எதையும் வரைய முடியாது என்ற மறுபாதியை 1837-ல் வான்ட்செல் நிரூபித்தார். ஏழு பக்கம் முடியாது, ஏனென்றால் 7 ஃபெர்மா எண் இல்லை. ஒன்பது பக்கமும் முடியாது, அதில் 3 இரண்டு முறை வருகிறது.

நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். அவற்றில் ஒன்றையோ பலதையோ எடுத்துப் பெருக்கினால் கிடைக்கும் எண்கள் 31. அதில் மிகப் பெரியது ஐந்தையும் பெருக்கியது, அதாவது நம் எண். 2-ஆல் பெருக்கிப் பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம், அது கோணத்தைப் பாதியாக்கும் வேலை, அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் "ஒற்றைப்படை" என்ற நிபந்தனை.

தனித்தனிப் பல்கோணங்களிலிருந்து பெரியதை எப்படிப் பெறுவது? இதைப் பொதுவாகப் புத்தகங்களில் "முடியும்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிடுகிறார்கள், ஆனால் ருசியே இங்கேதான். ஒரு முழு வட்டத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐங்கோணத்தில் இரண்டு பக்கம் நடந்தால் 2/5 சுற்று. முக்கோணத்தில் ஒரு பக்கம் பின்னால் வந்தால் 1/3 கழிகிறது. 2/5 − 1/3 = 1/15. பதினைங்கோணத்தின் ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. அடுத்து 8/17 − 7/15 = 1/255. அதற்கடுத்து 128/257 − 127/255 = 1/65535. கடைசியாக

32768/65537 − 32767/65535 = 1/4294967295

ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதல்லவா? ஒவ்வொரு படியிலும், கிட்டத்தட்ட அரை வட்டம் முன்னே போய், அதைவிடத் துளி குறைவாகப் பின்னே வருகிறோம். மிஞ்சும் துளிதான் புதிய பல்கோணத்தின் பக்கம்.

உண்மையில் யாராவது இதை வரைவார்களா என்று கேட்காதீர்கள். 257 பக்கத்துக்கான வழியை ரிஷலோ 1832-ல் எழுதினார். 65537 பக்கத்துக்கு ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் சுமார் பத்து வருஷம் செலவிட்டு, 1894-ல் அதன் சுருக்கத்தை வெளியிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதை முழுசாகப் படித்துச் சரிபார்ப்பதும் ஒருவகைத் தவம்தான்.

4294967295 பக்கம் என்றால் எவ்வளவு வட்டமாக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூமத்திய ரேகை 40075 கிலோமீட்டர். அதைச் சுற்றி இந்தப் பல்கோணத்தை வரைந்தால் ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 9.3 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நக அகலம். அந்தப் பக்கத்தின் நடுவில், நேர்க்கோட்டுக்கும் உண்மையான வட்ட வில்லுக்கும் உள்ள இடைவெளி ஒரு மீட்டரை லட்சம் கோடி பங்காக்கி, அதில் இரண்டு பங்குகூட இல்லை. அணுவின் விட்டத்தில் அது ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே. பூமி அளவுக்கு வரைந்தும் இது வட்டமில்லை என்று எந்தக் கருவியும் சொல்லாது.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த குணம். இது பல்கோணம் அளவுக்குப் பிரபலம் இல்லை, ஏனென்று தெரியவில்லை. ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, 1 முதல் அந்த எண் வரை, அதோடு பொதுக் காரணி எதுவும் இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணுவதை ஆய்லரின் ஃபை சார்பு என்பார்கள். 15-க்கு எண்ணுங்கள்: 1, 2, 4, 7, 8, 11, 13, 14. மொத்தம் எட்டு. 16-க்கு எண்ணுங்கள்: ஒற்றைப்படை எண்கள் எல்லாம், அதுவும் எட்டு. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டுக்கும் ஒரே விடை வருவது அபூர்வம். ஆனால் 255-க்கும் 256-க்கும் 128. 65535-க்கும் 65536-க்கும் 32768. 4294967295-க்கும் 4294967296-க்கும் 2147483648. ஒன்று ஐந்து பகா எண்களின் பெருக்கல், மற்றொன்று வெறும் 2-களின் பெருக்கல். அமைப்பில் துளியும் ஒற்றுமை இல்லாத இரண்டு எண்கள், ஃபை மட்டும் அச்சாக ஒன்றே.

காரணம் சிக்கலானதல்ல. பகா எண்ணின் ஃபை அதைவிட ஒன்று குறைவு. வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலுக்கு அவற்றைப் பெருக்கினால் போதும். நம் எண்ணுக்கு 2 × 4 × 16 × 256 × 65536. எல்லாமே 2-இன் அடுக்குகள். அடுக்குகளைக் கூட்டினால் 1 + 2 + 4 + 8 + 16 = 31. ஆக 2³¹. இன்னொரு மாதிரி சொன்னால், நம் எண்ணின் ஃபையை இரட்டித்தால் அந்த எண்ணைவிட சரியாக ஒன்று அதிகம் வருகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு எந்திரம் ஒளிந்திருக்கிறது. ஃபையை இரட்டித்தால் தன்னைவிட ஒன்று கூடுதலாக வரும் ஓர் எண் உங்கள் கையில் இருக்கிறது என்று வையுங்கள். அதைவிட 2 அதிகமான எண் பகா எண்ணாக இருந்தால், இரண்டையும் பெருக்குங்கள். கிடைப்பதற்கும் அதே குணம் இருக்கும். 1-இலிருந்து ஆரம்பியுங்கள். 1-இன் ஃபை 1, இரட்டித்தால் 2, சரி. 1 + 2 = 3 பகா எண், பெருக்கினால் 3. 3 + 2 = 5, பெருக்கினால் 15. 15 + 2 = 17, பெருக்கினால் 255. 257 போட்டால் 65535. 65537 போட்டால் 4294967295. அடுத்து 4294967297 பகா எண்ணாக இருக்க வேண்டும். இருந்திருந்தால் சதுரங்கப் பலகையின் மொத்த அரிசிக்கும் இந்தக் குணம் கிடைத்திருக்கும். ஆனால் அங்கே 641 உட்கார்ந்திருக்கிறது. எந்திரம் நின்றுவிடுகிறது. பல்கோணப் பட்டியல் நின்ற அதே இடம், அதே காரணம்.

எவ்வளவில் தவறியது என்று பார்த்தால் இன்னும் ஆதங்கமாக இருக்கும். 4294967297-இன் ஃபை, அது பகா எண்ணாக இருந்தால் 4294967296. உண்மையில் 640 × 6700416 = 4288266240. ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான் குறைவு.

1932-ல் அமெரிக்கக் கணிதர் லேமர், இந்தக் குணம் வேறு எந்த எண்களுக்கு உண்டு என்று ஆராய்ந்தபோது, இந்த வரிசைக்கு வெளியேயும் இரண்டு எண்களைக் கொடுத்தார். ஒன்று 83623935, அதாவது 3 × 5 × 17 × 353 × 929. அதைவிட 2 அதிகமான 83623937 பகா எண்ணாக இருப்பதால் எந்திரம் இன்னொரு படி ஓடி, இரண்டின் பெருக்கலும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. முதல் மூன்று படிகள் நம் எண்ணின் பாதையேதான். 17-ஐத் தாண்டியதும் வேறு சந்துக்குள் திரும்பிவிடுகிறது.

இனி வகுத்திகள். ஐந்து வெவ்வேறு பகா எண்கள் என்பதால் 4294967295-க்கு மொத்தம் 32 வகுத்திகள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257, 771 என்று ஆரம்பித்து அந்த எண்ணிலேயே முடியும். இந்தப் பட்டியலைப் பைனரியில் எழுதிப் பாருங்கள்:

1
11
101
1111
10001
110011
1010101
11111111

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். பாஸ்கல் முக்கோணத்தில் (சந்த இலக்கணக்காரர்கள் மேரு பிரஸ்தாரம் என்று சொல்வதும் இதைத்தான்) ஒற்றைப்படை எண் உள்ள இடத்தில் 1-உம் இரட்டைப்படை உள்ள இடத்தில் 0-உம் போட்டால் வருவது இதுவே. முதல் 32 வரிசைகளைப் பைனரி எண்களாகப் படித்தால், 4294967295-இன் 32 வகுத்திகளும் ஏறுவரிசையில், ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூட மிகாமல் கிடைக்கும். கடைசி வரிசை முப்பத்திரண்டு 1-கள். 33-ஆவது வரிசையை எழுதினால் அது 4294967297, மறுபடியும் அந்த மனிதர்.

நீங்கள் புரோகிராம் எழுதுபவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு 32 பிட் எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணும் பிரபலமான குறுக்குவழியில் ஐந்து மாஸ்க் எண்கள் (வேண்டிய பிட்டுகளை மட்டும் விட்டு மற்றவற்றை மறைப்பவை) வரும். 0101 என்று திரும்பத் திரும்ப வருவது ஒன்று, 0011 திரும்ப வருவது ஒன்று, நான்கு 0 நான்கு 1 என்று வருவது ஒன்று, அப்புறம் எட்டெட்டாக, பதினாறு பதினாறாக. பலரும் இவற்றை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து ஒட்டுகிறார்கள். பத்தின் முறையில் இவை 1431655765, 858993459, 252645135, 16711935, 65535. இவை வேறொன்றுமில்லை, 4294967295-ஐ 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றால் வகுத்தால் கிடைக்கும் ஈவுகள்.

எட்டு பிட்டில் செய்து பார்த்தால் விளங்கும். 10110110 என்ற எண்ணை இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 10, 11, 01, 10. ஒவ்வொரு ஜோடியிலும் உள்ள 1-கள்: 1, 2, 1, 1. அடுத்து நான்கு நான்காகச் சேர்த்தால் 3, 2. கடைசியில் 5. முதல் படிக்கு வேண்டிய மாஸ்க் 01010101, அதாவது 85. அடுத்தது 00110011, அதாவது 51. மூன்றாவது 00001111, அதாவது 15. 255-ஐ 3, 5, 17-ஆல் வகுத்துப் பாருங்கள். 01010101-ஐ 3-ஆல், அதாவது பைனரி 11-ஆல் பெருக்கினால் இடைவெளிகள் எல்லாம் நிரம்பி எட்டு 1-கள் ஆகிவிடுகின்றன. அவ்வளவுதான் ரகசியம். 32 பிட்டில் அதே கதை ஐந்து படிகளாக நடக்கிறது. இங்கே 641 குறுக்கிடாது என்பதையும் கவனியுங்கள். 64 பிட்டுக்குப் போனாலும் ஆறாவது மாஸ்க் தாராளமாக வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு 4294967297 பகா எண்ணாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, வகுத்தால் போதும்.

சில்லறைக் குணங்களையும் சொல்லிவிடுகிறேன். வகுத்திகள் எல்லாவற்றையும் கூட்டினால் 7304603328. தன்னை நீக்கினால் 3009636033. தன்னைவிடக் குறைவு என்பதால் இது குறை எண். 1 கழித்துப் பாதியாக்கினால் 2147483647 வரும். அது பகா எண் என்று 1772-ல் நிறுவியவரும் ஆய்லர்தான். 1 ÷ 4294967295-ஐத் தசமத்தில் எழுதினால், புள்ளிக்குப் பின் ஒரு இலக்கம் தள்ளி, 65536 இலக்கங்கள் கொண்ட ஒரு தொகுதி திரும்பத் திரும்ப வரும். முன்னால் தனியாக நிற்கும் அந்த ஒரு இலக்கம் காரணி 5-இன் வேலை. 65536 நீளம் காரணி 65537-இன் வேலை. அந்த 65537-ஐ நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைப்பது அதைத்தான். பைனரியில் அதற்கு இரண்டே 1-கள் இருப்பதால் அடுக்கேற்றும் கணக்கு வேகமாக முடிந்துவிடும்.

கடைசியாக, "இன்று தெரிந்தவரை" என்று மேலே போட்டதைப் பற்றி. ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண் கிடைத்தால், பல்கோணப் பட்டியலில் 4294967295 முதலிடத்தை இழந்துவிடும். வரிசையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 5-ஆவது முதல் 32-ஆவது வரை உள்ள எல்லா ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று நிரூபித்தாகிவிட்டது. இதில் 20-ஆவதும் 24-ஆவதும் விசித்திரமானவை: பகு எண் என்று உறுதியாகத் தெரியும், ஆனால் ஒரு காரணிகூட இன்னும் கைக்கு வரவில்லை. நிலை தெரியாதவற்றில் மிகச் சிறியது 33-ஆவது. மிகச் சிறியது என்று பெயர்தான், எழுதினால் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். நேரடியாகச் சோதிக்க இருக்கும் வழி, அந்த அளவு எண்ணை வைத்துக்கொண்டு 858 கோடிக்கும் அதிகமான முறை வர்க்கப்படுத்துவது. அது நடக்கிற காரியமில்லை. ஆகவே ஆய்லர் செய்ததையே செய்கிறார்கள்: காரணி இருந்தால் அதை 2³⁵-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும், அப்படிப்பட்ட பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்ப்பது. 33-ஆவதற்கு ஒரு 641 இதுவரை சிக்கவில்லை.